மெதுவாய்த் திறந்த முகவரிப் புத்தகம்

முகவரி சரியில்லாத கடிதம் எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் ஊர் போய்ச் சேராது. இந்த உண்மையை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் தபால்காரர் அல்லர். எங்கள் பள்ளி அலுவலகத்தில் சன்னலோரம் இருக்கும் ஒரு கணினிதான். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பிரிவைச் சேர்ந்த நாங்கள் ஐவரும் அந்தக் கணினியோடு பட்ட பாட்டையும், அப்போது நாங்கள் செய்த ஒரு பெரும் பிழையையும் மறைக்காமல் இம்மலரில் எழுதுகிறோம். படிக்கும் தங்கைமாருக்கு இது பயன்பட்டால் அதுவே எங்களுக்கு மகிழ்ச்சி.

எங்கள் பொன்னேரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது நலம். ஆரணியாற்றங்கரையில் நெல் விளையும் ஊர் இது. மின்சார ரயிலில் மீஞ்சூரிலிருந்தும் கவரப்பேட்டையிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மாணவியர் வருகின்றனர். பழவேற்காட்டிலிருந்து பேருந்தில் வருவோரும் உண்டு. எங்களில் ஒருத்தியின் அப்பா ஏரியில் வலை வீசுகிறார். இன்னொருத்தியின் அப்பா சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து, நாங்கள் பள்ளிக்குக் கிளம்பும் வேளையில் வீடு திரும்புகிறார். இப்படிப் பல திசைகளிலிருந்து வந்து படித்து, மீண்டும் பல திசைகளுக்குப் பறந்துவிட்ட அக்காமாரின் முகவரிகளை எங்கள் பள்ளி போற்றிக் காத்து வருகிறது.

முதலில் அது தடித்த அட்டை போட்ட பேரேடாக இருந்தது. எங்கள் மூத்த சிஸ்டர் தம் முத்து முத்தான கையெழுத்தில் அதை எழுதி வந்தார். பிற்காலத்தில் அலுவலக அக்கா ஒவ்வொரு பெயராகக் கணினியில் ஏற்றினார். ஏறத்தாழ மூவாயிரம் பெயர்கள். அதன் பிறகு பேரேடு நூலகப் பீரோவுக்குள் ஓய்வெடுக்கப் போய்விட்டது. ஆனால் மூத்த சிஸ்டர் மட்டும், யாரேனும் வீடு மாறிய செய்தி கேட்டால், பீரோவைத் திறந்து பென்சிலால் குறித்து வைப்பதை விடவில்லை. அதைக் கண்டு நாங்கள் எங்களுக்குள் சிரித்ததுண்டு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வெட்கப்பட நேர்ந்தது.

கோடை விடுமுறையில் அலுவலகக் கணினிக்குப் புதிய இயங்குதளம் ஏற்றப்பட்டது. அதோடு முகவரிப் புத்தகச் செயலியும் புதிய பதிப்புக்கு மாறிற்று. பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. ஆனால் திறந்தால்தானே! சுட்டியை இருமுறை அழுத்திவிட்டு, செபமாலையில் பத்து மணி உருட்டி முடிக்கலாம். அப்போதுதான் பெயர்கள் மெல்லத் தலை காட்டும். தேடும் கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் தோன்றுவதற்குள் அடுத்த எழுத்து என்னவென்று மறந்துவிடும். முன்னாள் மாணவியர் கூடுகைக்கு அழைப்பிதழ் அனுப்ப வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. "கணினி படிக்கிற பிள்ளைகளாயிற்றே, கொஞ்சம் பாருங்களேன்" என்றார் அலுவலக அக்கா. எங்களுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

முதல் நாள் மாலை நாங்கள் செய்ததெல்லாம் ஊகம்தான். கணினியை அணைத்துப் போட்டோம். வைரஸ் இருக்கிறதா என்று தேடினோம். மற்றச் செயலிகளை எல்லாம் மூடினோம். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது, ஹார்டு டிஸ்க் ஒரு நொடியும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. புதிய இயங்குதளம் ஏறியதும் கணினியில் உள்ள கோப்புகளை எல்லாம் ஒருமுறை படித்துத் தேடலுக்கான அட்டவணை தயாரிக்கும் என்றும், அது முடியும்வரை எல்லாமே மந்தமாக இருக்கும் என்றும் எங்கள் கணினி மிஸ் வகுப்பில் சொல்லியிருந்தார். ஆகையால் இரவு முழுதும் கணினியை ஓடவிட்டுச் சென்றோம். மறுநாள் டிஸ்க் அமைதியாயிற்று. ஆனால் முகவரிப் புத்தகம் மட்டும் முன்போலவே ஆமை நடை போட்டது.

அப்போதுதான் எங்கள் புத்தி பிசகியது. "மூவாயிரம் பெயர் எதற்கு? பயன்படாதவற்றை நீக்கினால் தானே வேகம் வந்துவிடும்" என்றாள் எங்களுள் ஒருத்தி. மற்ற நால்வரும் தலையாட்டினோம். எவை பயன்படாதவை? தொலைபேசி எண் இல்லாதவை, மின்னஞ்சல் இல்லாதவை, அஞ்சல் குறியீட்டு எண்கூட இல்லாமல் 'செங்கற்பட்டு மாவட்டம்' என்று பழைய பெயரோடு முடிபவை. இந்தக் காலத்தில் போன் இல்லாத ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இப்படி நினைத்து அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒரே பொத்தான். போய்விட்டன.

"முதலில் நகல் எடுங்கள்" என்று மிஸ் படித்துப் படித்துச் சொன்னது எங்களுக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் அலுவலகக் கைபேசியிலும் இதே முகவரிகள் இருக்கின்றனவே, அதுவே நகல்தானே என்று எண்ணிவிட்டோம்.

அன்று மாலை மூத்த சிஸ்டர் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பெயரைச் சொல்லி, "இந்தப் பிள்ளைக்கு அழைப்பு அனுப்பியாயிற்றா? பழவேற்காட்டுப் பக்கம். ஏரிக்கு அப்பாலிருந்து படகேறி, பிறகு பஸ் ஏறி வந்து படித்தவள்" என்று கேட்டார். தேடினோம். இல்லை. கைபேசியை எடுத்துப் பார்த்தோம். அங்கும் இல்லை. கணினியில் நாங்கள் நீக்கிய மறுகணமே, இணைப்பின் வழியாகக் கைபேசியிலும் அது நீங்கியிருந்தது. இரண்டையும் ஒன்றுபோல் வைத்திருப்பதுதான் அந்த இணைப்பின் வேலை. நாம் சேர்த்தால் அங்கும் சேர்க்கும். நாம் அழித்தால் அங்கும் அழிக்கும். நல்லது எது, தவறு எது என்று அதற்குத் தெரியாது. அதைக் காவல் என்று நம்பியது எங்கள் பேதைமை.

சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்கள் மனம் ஆறியிருக்கும். "போன் இல்லை என்றா நீக்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, நூலகப் பீரோவைத் திறந்து, நாங்கள் முன்பு பார்த்துச் சிரித்த அந்தப் பேரேட்டை மேசைமேல் வைத்தார்.

மூன்று மாலைகள் நூலகத்தில் உட்கார்ந்தோம். ஒருத்தி வாசிக்க, ஒருத்தி தட்டச்சு செய்ய, மற்ற மூவர் சரிபார்த்தோம். முதலில் மிஸ் சொன்னபடி, மிஞ்சியிருந்த முகவரிகள் அனைத்தையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்து இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றை அலுவலகத்திலும் மற்றொன்றைத் தலைமையாசிரியை சிஸ்டர் அறையிலும் வைத்தோம். அதன் பின்னரே நீக்கிய பெயர்களை மீண்டும் ஏற்றத் தொடங்கினோம். சிறு பிள்ளைகள் சிலேட்டை அழித்துவிட்டு எழுத்தைத் தேடுவதுபோல் இருந்தது எங்கள் நிலை. ஆனால் அந்த மூன்று மாலைகளில்தான் கணினி ஏன் திணறியது என்ற மர்மமும் துலங்கிற்று.

மிஸ் ஓர் எளிய சோதனை காட்டினார். ஒரு பெயரும் இல்லாத வெற்று முகவரிப் புத்தகம் ஒன்றைத் தொடங்கித் திறக்கச் சொன்னார். கண் இமைப்பதற்குள் திறந்தது! அப்படியானால் குறை கணினியிலும் இல்லை, செயலி முழுவதிலும் இல்லை. நாம் உள்ளே போட்டு வைத்திருப்பதில்தான் இருக்கிறது என்பது விளங்கியது. அடுத்து, பெயர்களைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் ஏற்றிப் பார்த்தோம். அது விரைந்து திறந்தது. மறு பாதி மந்தமாய் இருந்தது. அந்தப் பாதியை மீண்டும் இரண்டாகப் பிரித்தோம். இவ்விதம் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், மூவாயிரம் பெயர்களுள் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு முறை பிரித்தால் போதும். கணக்குப் பாடத்தில் அடுக்குகளைப் படித்தபோது இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் நாங்கள்தான்!

எங்களுக்குப் பன்னிரண்டு முறை தேவைப்படவில்லை. நாலைந்து முறையிலேயே திருடன் அகப்பட்டான். அண்மை ஆண்டுகளில் படிப்பை முடித்த அக்காமாரின் பதிவுகளில் அவர்களுடைய புகைப்படங்கள், எடுத்த அளவிலேயே, சுருக்கப்படாமல் சேர்க்கப்பட்டிருந்தன. முகவரிகளை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல உலகெங்கும் 'வி-கார்டு' என்னும் ஒரு பொது வடிவம் பயன்படுகிறது. அதன் நான்காம் பதிப்பு 2011-இல் வெளிவந்தது. அடிப்படையில் அது வெறும் எழுத்துக் கோப்பு. புகைப்படத்தை அதற்குள் வைக்க வேண்டுமானால் படத்தையும் எழுத்துகளாக மாற்ற வேண்டும். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்ற கணக்கில் படம் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். பெயரும் ஊரும் தெருவும் சேர்ந்து ஒரு தபால் அட்டையில் அடங்கும். அதனுடன் ஒரு மூட்டையைக் கட்டி அனுப்பினால் தபால்காரர் என்ன செய்வார்? அதுதான் எங்கள் கணினிக்கு நேர்ந்தது. பழைய பதிப்பு படங்களைக் கேட்கும்போது மட்டும் எடுத்தது. புதிய பதிப்போ திறக்கும்போதே எல்லா மூட்டைகளையும் தலையில் ஏற்றிக்கொண்டது. படங்களை எல்லாம் தபால்தலை அளவுக்குச் சுருக்கினோம்.

இரண்டாவது காரணம், ஒருவரே பலராக இருந்தது. பொன்னேரி ஒரு காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் அது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் எனப்பட்டது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் தனியே பிரிந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய பதிவைத் திருத்தாமல் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். ஆகவே ஊரைவிட்டு அசையாத ஓர் அக்கா, எங்கள் கணினியில் மூன்று மாவட்டங்களில் மூன்று பெண்களாக வாழ்ந்துகொண்டிருந்தார்!

மூன்றாவது காரணம்தான் எங்களை வியப்பில் ஆழ்த்தியது. தேடும் கட்டத்தில் 'பொன்னேரி' என்று தட்டினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். மற்றவர்களின் முகவரியிலும் பொன்னேரி என்றே கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் கணினிக்குத் தெரியவில்லை. இது என்ன விந்தை!

மிஸ் விளக்கினார். தொடக்கத்தில் தமிழ்க் கணினிகளில் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் எழுத்துகளை வைத்திருந்தது. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் படிக்க இயலாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் இதற்குப் பொது முறைகளும் பொது விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. பின்னர் 2010-இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. எங்கள் அலுவலகத்திலும் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு முகவரிகளை மாற்றினார்கள். அந்த மாற்றத்தில்தான் ஒரு நுட்பம் ஒளிந்திருந்தது. 'பொ' என்னும் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். 'ப'-வுக்குப் பின் 'ொ' என்னும் ஒரே குறியாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பதே விதி. ஆனால் அந்த விதியைப் பின்பற்றாத செயலிக்கு இரண்டும் வெவ்வேறு ஊர்கள்! அதேபோல், 'கௌசல்யா' என்ற பெயரை ஒருவர் சரியாகத் தட்டியிருக்க, இன்னொருவர் 'கெ' போட்டு அதன் பக்கத்தில் 'ள' எழுத்தைச் சேர்த்திருந்தார். பார்ப்பதற்கு ஒருத்தி, கணினிக்கு இருவர். பிரிந்திருந்த குறிகளை எல்லாம் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு ஒரே குறியாக்கினோம். 'ள' கலந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தினோம். பிறகு 'பொன்னேரி' என்று தேடியபோது ஊர் முழுவதும் ஒன்றாக வந்து நின்றது. எங்களுக்குக் கை தட்டத் தோன்றிற்று.

இரட்டைப் பதிவுகளைச் சேர்க்கும் வேலையும் தொடங்கிற்று. 'ஒரே மாதிரி உள்ளவற்றை இணைக்கட்டுமா?' என்று செயலி தானே கேட்டது. ஒரு பொத்தான் போதும். ஆனால் பொத்தான் என்றாலே இப்போது எங்களுக்குக் கை நடுங்கியது. பேரேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டோம். நல்லவேளை! ஓரிடத்தில் ஒரே பெயர், ஒரே முன்னெழுத்து, ஒரே தெருவோடு இரண்டு பதிவுகள் இருந்தன. செயலி இருவரையும் ஒருவராக்கக் காத்திருந்தது. பேரேட்டிலோ அவர்கள் இரண்டு வரிகளில், வெவ்வேறு வகுப்புகளில் இருந்தார்கள். சிஸ்டரிடம் கேட்டோம். "அவர்கள் பெரியப்பா மகள், சித்தப்பா மகள். பாட்டி பெயரை இருவருக்கும் வைத்திருந்தார்கள். பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்றாகிவிடுமா, பிள்ளைகளா?" என்று சிரித்தார். கணினி பெயரை அறியும், ஆளை அறியாது.

எல்லாம் முடிந்த அன்று அலுவலக அக்கா முகவரிப் புத்தகத்தைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் திறந்துவிட்டது. புதிய கணினி வாங்கவில்லை. ஒரு ரூபாய் செலவில்லை.

இனி, பழவேற்காட்டு அக்காவின் செய்தி. கணினியில் இருந்த அவருடைய முகவரி பழையது. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் அவர் குடும்பம் வேறு குடியிருப்புக்குப் போய்விட்டதைக் கேள்விப்பட்டு, சிஸ்டர் பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் புது முகவரியைக் குறித்திருந்தார். அது கணினிக்கு வரவே இல்லை. அந்த முகவரியோடு பழவேற்காட்டுக்குரிய 601205 என்ற குறியீட்டு எண்ணையும் எழுதி, அழைப்பிதழை நாங்களே அஞ்சல் பெட்டியில் போட்டோம். 1972 ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த அந்த ஆறு இலக்கங்கள் எத்தனை கைகளைத் தாண்டி ஒரு காகிதத்தை வீட்டு வாசலில் சேர்க்கின்றன என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

பத்து நாள் கழித்து ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. தமக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்றும், பேத்தியை விட்டு எழுதச் சொல்வதாகவும், கூடுகைக்கு வர இயலாதென்றும் அதில் இருந்தது. கடைசி வரியில், இத்தனை காலத்துக்குப் பிறகும் தம் பெயர் பள்ளியில் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

சிஸ்டர் அந்தக் கடிதத்தை எங்களிடம் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னார். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஏனெனில், ஒரு நாள் அந்தப் பெயர் எங்கள் கணினியில் இல்லாதிருந்தது. அதை நீக்கியவர்கள் நாங்கள். இறுதியில் உண்மையையே எழுதினோம்: பெயர் பேரேட்டில் எப்போதும் இருந்தது, கணினியில் எங்கள் அவசரத்தால் ஒரு நாள் விடுபட்டது, இப்போது இருக்கிறது, இனியும் இருக்கும்.

தங்கைமாரே, உங்கள் வீட்டுக் கைபேசியிலும் ஒரு முகவரிப் புத்தகம் இருக்கிறது. அது மெதுவாகும் நாளில் நாங்கள் கற்றதை நினைவில் கொள்ளுங்கள். எதையும் தொடுமுன் நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். இணைத்து வைத்திருப்பது நகலாகாது. குறை எங்கே என்று ஊகிக்காமல், வெற்றுப் புத்தகத்தைத் திறந்தும் பாதி பாதியாகப் பிரித்தும் சோதியுங்கள். பெரிய படங்களைச் சுருக்குங்கள். இணைப்பதற்கு முன் இருமுறை பாருங்கள். எண் இல்லை என்பதற்காக எவரையும் நீக்காதீர்கள்; வீட்டுப் பெரியவர்களிடம் அவர் யாரென்று முதலில் கேளுங்கள்.

பேரேடு மீண்டும் பீரோவுக்குள் போகவில்லை. அது இப்போது அலுவலகத்தில், கணினிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் எங்களில் ஒருத்தி சென்று, சிஸ்டர் புதிதாகப் பென்சிலால் குறித்தவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டு வருகிறாள்.

– பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர் ஐவர்